கொடுபடாத தந்தி

லாச்சப்பல், பாரிஸ்
4 நவம்பர் 1986

அன்புள்ள மாமா,

நான் சுகம். இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவுக்கு. குளிர், தையற்கூடத்து வேலை, ரெசிப்பிசே என்கிற தற்காலிகக் கடதாசியை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டித் தந்த கதை எல்லாம் அதில் இருக்கிறது. வழக்கம்போல அதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். அம்மாவுக்குக் கண் தெரிந்த காலமாக இருந்தால் இப்படிப் பிரித்து எழுதியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை சகல பரிசுத்தர் திருநாள். இங்குள்ளவர்கள் செவ்வந்திச் சட்டிகளோடு சவக்காலைக்குப் போகும் நாள். கூசேன்வில்லில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் இராஜதுரை என்ற தம்பி முதல்நாளே என்னிடம் வந்திருந்தார். "அக்கா, உங்கடை வேதக்காரப் பேர் ஒண்டு வெள்ளைக்காரன்ரை சவக்காலையிலை கிடக்கு. சும்மா சொல்லேல்லை, வந்து பாருங்கோ" என்றார். அவரோடு வேலை செய்யும் அந்துவான் தன் தாயின் கல்லறையைக் கழுவப் போனபோது இவரையும் கூட்டிப் போயிருக்கிறார். அப்போது கண்டதாம்.

கூசேன்வில்லில் இறங்கி, பஸ் பிடித்து ஒரு சிறிய ஊருக்குப் போனோம். பிரெஞ்சுக்காரரின் கருங்கற்களுக்குப் பின்னால், மதிலோரமாக ஒரு வெள்ளைக் கல். மேலே சிறகு விரித்த பறவை. L. மடுத்தீன், சார்ஜன்ட், விமானப்படை, கம்பியில்லாத் தந்தி இயக்குபவர். 21 ஏப்பிரல் 1944. வயது 27. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், "மனைவியும் மகளும் ஒவ்வொரு நாளும் நினைக்கிறார்கள்."

அந்தக் கல்லின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இராஜதுரை தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா, அப்பாவின் பெயர் மடுத்தீன், அப்பப்பாவின் பெயர் லோறன்ஸ். நான் வயிற்றில் இருக்கும்போது அப்பா இங்கிலாந்துக்குப் போய் விமானப்படையில் சேர்ந்தார் என்றும், சண்டை முடிந்தபின் ஒரு வெள்ளைக்காரியோடு அங்கேயே தங்கிவிட்டார் என்றும் எனக்குச் சொன்னது நீங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். இது யார்?

அன்புடன்,
மலர்

*

யாழ்ப்பாணம்
19 டிசம்பர் 1986

அன்புள்ள மருமகள் அற்புதமலருக்கு,

உமது 4ஆம் திகதிய கடிதம் இம்மாதம் 11ஆம் திகதி கிடைத்தது. உறை வழியில் எங்கோ திறந்து ஒட்டப்பட்டிருக்கிறது. பசை தரமற்றது.

நாம் கர்த்தரின் கிருபையால் சுகம். பொம்மர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது. பின்வளவில் பங்கர் வெட்டியிருக்கிறோம். உமது தாயார் அதற்குள் இறங்க மாட்டா. "அந்தாள் வந்து கூப்பிட்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்கிறா. இந்த வயதிலும் இப்படித்தான். கண்ணில் பூ முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் இப்போது வெட்ட வசதியில்லை என்கிறார்கள். கண்ணுக்கு விடும் துளிமருந்து கிடைத்தால் வருகிறவர்களிடம் கொடுத்துவிடவும்.

நீர் கேட்ட விடயம். மன்னாரிலும் எங்கள் பக்கத்திலும் மடுத்தீன் என்ற பெயர் எத்தனை பேருக்கு உண்டு என்பது உமக்குத் தெரியாததல்ல. அக்காலத்தில் இலங்கையிலிருந்து பலர் போனார்கள். அந்தப் பிளேனில் போய் முடிந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் பெயர்க்காரர் என்பதற்காக அவர் எங்கள் ஆளாகிவிட மாட்டார். பட்டம் பெற்று, இருபது வருடம் சரித்திரம் படிப்பித்த நீர் ஒரு கல்லைக் கண்டு மனம் கலங்குவது அழகல்ல. உமது தகப்பனார் செய்ததை மறந்துவிட்டு வேலையைப் பாரும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும். தாயாரின் ஆசீர்.

இப்படிக்கு,
மாமா நீக்கிலாஸ்

*

லாச்சப்பல்
8 பெப்ரவரி 1987

மாமா,

நான் ஏழு பேர் என்று எழுதவில்லை.

என் கடிதத்தை நீங்கள் வைத்திருப்பீர்கள். நீங்கள் எந்தக் கடிதத்தையும் எறிகிறவர் அல்ல. எடுத்துப் பாருங்கள். ஒரு கல்லைப் பற்றித்தான் எழுதினேன். உங்கள் பதிலை வாசித்தபின் திரும்பவும் அங்கே போனேன். பனி பெய்திருந்தது. கையால் தட்டித் தட்டி எண்ணினேன். அவரோடு ஒரே வரிசையில், ஒரே திகதியோடு ஏழு கற்கள். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கு எப்போது தெரியும்?

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் கந்தோருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் எழுதி, ஒரு படிவத்தின் பிரதியையும் அனுப்பியிருக்கிறார்கள். கல்லில் என்ன வாசகம் பொறிக்க வேண்டும் என்று 1949இல் குடும்பத்தாரிடம் கேட்ட படிவம். நிரப்பியிருப்பது உங்கள் கை. தலையில் சிறு வளைவு போடும் உங்களுடைய அந்த ஆங்கில T. "என் சகோதரிக்காக" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து.

ஊர்த் தபாற்கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் தபால் அதிபராக இருந்தீர்கள். ஒருவரின் கடிதமும் உங்கள் கையில் தவறியதில்லை என்று ஓய்வுபெற்ற நாளில் மேடையில் சொன்னார்கள். நான்தான் மாலை போட்டேன்.

மாமா, நான் கோபத்தில் எழுதவில்லை. யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். அம்மாவை வாழாவெட்டி என்றார்கள். வாழாவெட்டிக்குத் தாலி உண்டு, புருஷன் இல்லை. மனுவேல் மாஸ்டர் இரண்டு முறை வந்து அம்மாவைப் பெண் கேட்டதும், பங்குச் சுவாமி "கட்டினவன் உயிரோடை இருக்கேக்கை கோயிலிலை கலியாண ஓலை வாசிக்கேலாது" என்று திருப்பி அனுப்பியதும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. சுவரோடு நின்று கேட்டேன். அம்மா அன்றைக்கு உங்கள் நான்கு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஐந்தாவதாக என்னையும் குளிப்பாட்டினா. விதவையாக இருந்திருந்தால் அவ கலியாணம் செய்திருக்கலாம். நீங்கள் அவவை விதவையாகக்கூட இருக்க விடவில்லை.

எனக்கு வந்த மூன்று சம்பந்தமும் "தேப்பன் வெள்ளைக்காரியோடை ஓடினவன்" என்ற ஒரு சொல்லில் நின்றன. அதைப் பற்றி நான் உங்களோடு ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

கல்லில் நீங்கள் எழுதிய வரி பொய்யில்லை. நான் அவரை ஒவ்வொரு நாளும் நினைத்தேன். எப்படி நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தைக் கீறி வெட்டியதற்கு நீங்கள் என்னை அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திகதியில் அந்தப் பிளேன்கள் வந்தது எங்கே தெரியுமா? நான் இருக்கும் இந்த லாச்சப்பலின் ரயில் தண்டவாளங்களை உடைக்க. குண்டு வீடுகளிலும் விழுந்தது. எங்கள் கட்டடத்தின் காவற்காரி ஜெனவியேவ், அறுபது வயது தாண்டியவ. கல்லறையில் என் தகப்பனின் பெயரைக் கண்டேன் என்று சொன்னபோது என் கையைப் பிடித்தா. திகதியைச் சொன்னதும் கையை விட்டா. "அந்தக் குண்டில் என் தங்கை சுசான் செத்தாள். இதே தெருவில். பதினாறு வயது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினா. மற்றநாள் காலை வந்து கதவைத் தட்டி, உங்கள் டிசம்பர் கடிதத்தை என் கையில் தந்துவிட்டுப் போனா.  இந்தக் கட்டடத்துக்கு வரும் தபாலெல்லாம் அவவின் கையால்தான் வருகிறது. அதைக் குப்பையில் போட அவவுக்கு ஒரு காரணம் இருந்தது. போடவில்லை.

அப்பா நல்லவரா, அவர் செய்தது சரியா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அதை நான் இந்தத் தெருவில் நடந்து நடந்து யோசித்துக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என்ன செய்தீர்கள்? ஏன் செய்தீர்கள்?

மலர்

*

யாழ்ப்பாணம்
30 மார்ச் 1987

மலருக்கு,

உமது கடிதம் 14ஆம் திகதி கிடைத்தது. பதினாறு நாள் வைத்திருந்தேன். அதற்குமேல் ஒரு தபாலை வைத்திருப்பது குற்றம் என்று படித்தவன் நான்.

முதல் தந்தி 1944 ஏப்பிரல் 25 வந்தது. கருவியில் நானே எடுத்தேன். "காணாமற்போனார்" என்று இருந்தது. அன்று உமது தாயார் திரேசம்மா நெருப்புக் காய்ச்சலில் பதினெட்டாம் நாள். தலைமயிரெல்லாம் கொட்டி, ஆளை அடையாளம் தெரியாது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா, "நெஞ்சு தாங்காது, ஒரு கெட்ட செய்தியும் சொல்லாதை" என்றார். தந்தியைச் சட்டைப்பையில் வைத்தேன். காய்ச்சல் விடட்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தில் ஒரு களவும் இல்லை. இதை நீர் நம்ப வேண்டும்.

காய்ச்சல் யூனில் விட்டது. அதே மாதம் உமது மாமி பிள்ளைப்பேற்றில் போனா. கைக்குழந்தையோடு நாலு பிள்ளைகள். திரேசம்மா எழும்பி நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்தக் குழந்தையைத் தூக்கினா. ஒக்டோபரில் கடிதம் வந்தது. இறந்துவிட்டதாக உறுதி, ஏழு பேரும். அதையும் வைத்தேன். வந்த காகிதமெல்லாம் ஆங்கிலம். எல்லாம் என் கந்தோருக்கே வந்தது. எல்லாவற்றையும் நானே திறந்தேன், அவளுக்காக நானே கையெழுத்து வைத்தேன்.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு உம்மை இடுப்பில் வைத்துக்கொண்டு கந்தோர் யன்னலடிக்கு வருவாள். "அண்ணை, கடிதம் இருக்கோ?" "இல்லை." அது பொய்யல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவன் எழுதின கடிதம் இல்லைத்தானே.

சண்டை முடிந்து மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் சந்திக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினாள். அப்போதுதான் வெள்ளைக்காரியை உண்டாக்கினேன். கோபம் வந்தால் காத்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. உமக்கு வந்தது.

மனுவேல் மாஸ்டர் வந்தபோது சொல்லியிருக்கலாம். காகிதம் என்னிடம் இருந்தது. சுவாமியிடம் காட்டியிருந்தால் அடுத்த ஞாயிறே ஓலை வாசித்திருப்பார். நான் காட்டவில்லை. அவள் போனால் என் பிள்ளைகளுக்கு ஆர் சமைக்கிறது என்று நினைத்தேன். இப்படி எழுத எனக்கு நாற்பது வருடம் எடுத்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

கல்லுக்கு வாசகம் கேட்டு வந்தபோது ஒரு கிழமை மேசையில் வைத்திருந்தேன். உண்மை எங்கேயாவது ஓரிடத்தில் எழுதியிருக்கட்டும் என்று பட்டது. பிரான்ஸ் என்று போட்டிருந்தது. எங்கடை ஆக்கள் ஒருவரும் ஒருநாளும் போகமாட்டாத இடம் என்று நினைத்து எழுதினேன்.

இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்? அவள் இன்றும் செபமாலை முடிந்ததும் அவன் மனந்திரும்பி வரவேண்டும் என்று ஒரு மங்கள வார்த்தை செபம் தனியாகச் சொல்கிறாள். வயது அறுபத்தாறு. கண் இல்லை. தலைக்குமேல் பொம்மர். இருக்கிற கொஞ்ச நாளையும் கெடுக்க வேண்டுமா? நீரும் முதற் கடிதத்தில் "அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்" என்றுதானே எழுதினீர்.

நீக்கிலாஸ்

*

லாச்சப்பல்
10 மே 1987

மாமா,

ஓம், எழுதினேன். அந்த ஒரு வரிக்காக வெட்கப்படுகிறேன். நீங்கள் தொடங்கியதும் இப்படித்தான் தொடங்கியிருப்பீர்கள் என்று விளங்குகிறது. விளங்குவது வேறு, மன்னிப்பது வேறு.

அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அவ பங்கருக்குள் இறங்காமல் முற்றத்தில் இருப்பது யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள். செத்துப்போன ஒருவரின் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டு அவ குண்டில் சாகப்போகிறா. அதற்குப் பிறகும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். யாருக்குச் சொல்வது?

என் குரலில் ஒரு கசெற் பதிந்து வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிறவர் கிடைத்தால் அவவின் கையிலேயே கொடுக்கச் சொல்லி அனுப்பலாம். இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் சொல்ல வேண்டும். தந்தி உங்களிடம் இருக்கிறது. அதைக் கொடுப்பது உங்கள் வேலை.

சொன்னேன் என்று நீங்கள் எழுதினால் நான் நம்ப மாட்டேன்.  சின்ன வயதில் உங்கள் சைக்கிள் முன்பாரில் இருந்துகொண்டு, மாமா சொன்னால் சரி என்று எல்லாவற்றையும் நம்பிய பிள்ளை நான்.

தந்தி வாங்கியவர் கையெழுத்து வைக்க வேண்டும் அல்லவா? அம்மாவின் கையெழுத்தை எனக்கு அனுப்புங்கள்.

மலர்

*

யாழ்ப்பாணம்
16 ஆகஸ்ட் 1987

மலருக்கு,

தபால் திரும்பவும் ஓடத் தொடங்கியிருக்கிறது. சமாதானம் என்கிறார்கள். பொம்மர் சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் குசினி வாசலில் சுளகை மடியில் வைத்து, கை தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"திரேசா, தந்தி."

"ஆருக்கு?"

"உனக்கு."

"மலருக்கு ஏதுமோ?"

"இல்லை. மடுத்தீன்ரை."

கையை அரிசியிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டையும் வாசித்தேன், முதலில் தந்தி, பிறகு கடிதம். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். கல்லையும், நீர் கண்டதையும், வெள்ளைக்காரி என்று ஒருத்தி இல்லை என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தந்தி வந்தது எந்தத் திகதி?"

"ஏப்பிரல் இருபத்தஞ்சு."

"அப்ப நான் காய்ச்சலிலை கிடந்தனான்."

"ஓம்."

"பிறகு எழும்பினனான்தானே, அண்ணை."

 மனுவேல் மாஸ்டர் செத்து எத்தனை வருடம் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு, "எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்றாள். அவளுடைய விரலைப் பிடித்து இடத்தைக் காட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டு, "இடத்தைச் சொல்லுங்கோ, நான் வைப்பன்" என்றாள். வைத்தாள். தாலிக்கொடியைத் தானே கழற்றிச் சுளகில் அரிசிமேல் வைத்தாள். அதன்பின் அந்த அரிசியைக் கழுவி உலை வைத்து எனக்குச் சோறும் தந்தாள்.

அன்று மாலை செபத்தில் அந்தத் தனி மங்கள வார்த்தை இல்லை. இறந்தோருக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றியைச் சொன்னாள். நான் கூடச் சொல்ல வாய் எடுத்தேன். அவள் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தியபின் தொடர்ந்தாள்.

சோறு தருகிறாள். கதைப்பதில்லை. உமக்குச் சொல்லச் சொன்னது ஒன்று. ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "மலர், எனக்கு இனிக் கடிதம் எழுதாதை. கசெற்றிலை கதைச்சு அனுப்பு. இந்த வீட்டிலை எனக்கு வாசிக்க ஆளில்லை."

தந்தியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீக்கிலாஸ்

*

லாச்சப்பல்
2 நவம்பர் 1987

மாமா,

தந்தி செப்டெம்பரில் வந்தது. மடிப்புகளில் கிழிந்து, உங்கள் சட்டைப்பையின் அளவுக்கு மடிந்து பழுத்திருக்கிறது. கீழே அம்மாவின் கையெழுத்து, வரியை விட்டுச் சரிந்து. திரேசம்மா என்பதில் "ரே"யை எப்போதும்போல மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறா. அது அவவுடைய கைதான். நம்புகிறேன்.

இன்றைக்கு இறந்தோர் நாள். தந்தியைக் கொண்டுபோய் அந்தக் கல்லின் முன்னால் நின்று ஒருமுறை வாசித்தேன். புறப்படும்போது ஜெனவியேவ் வாசலில் நின்றா. "நான் உன் தகப்பனுக்குப் பூ வைக்க மாட்டேன்" என்று சொன்னா. நான் கேட்கவில்லை என்றேன். சுசானின் கல்லறைக்கு வழி கேட்டேன். எந்த பஸ் என்று சொன்னா. இரண்டு இடத்துக்கும் போனேன்.

ஊரில் திரும்பவும் சண்டை என்று ஒக்டோபர் பத்தாம் திகதி வானொலியில் கேட்டோம். அன்றிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. தந்தி போகாது, போன் இல்லை. லாச்சப்பலில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எங்கள் கோயிலடியில் ஷெல் விழுந்தது என்று ஒருவர், விழவில்லை என்று இன்னொருவர். அம்மாவுக்கென்று பேசிய கசெற் மேசையில் கிடக்கிறது. கொண்டுபோக ஆளில்லை.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஜெனவியேவின் யன்னலடிக்குப் போகிறேன். கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்று தலையை ஆட்டுகிறா. திரும்பி வருகிறேன். அவ இல்லை என்றால் உண்மையாகவே இல்லைதான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆங்கில விலாசம் எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது. சேர்ந்தால் ஒரேயொரு காரியம் செய்யுங்கள். அம்மா இருக்கிறாவா, இல்லையா. எதுவானாலும் அன்றைக்கே எழுதுங்கள். எனக்குக் காய்ச்சல் இருக்குமோ, நெஞ்சு தாங்குமோ என்று யோசிக்க வேண்டாம். சட்டைப்பையில் வைக்க வேண்டாம்.

மலர்